நம் ஊர்க் காற்றும் நம் பிள்ளைகளின் மூச்சும்

மதுரை பெரியார் பேருந்து நிலையப் பகுதியில் பத்து நிமிடம் நின்றால் நம்மில் ஒருவருக்குத் தும்மல்கூட வராது; பக்கத்தில் நிற்பவருக்கோ மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். "அவருக்கு உடம்பு அப்படி" என்று நகர்ந்துவிடுகிறோம். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கியிருக்கும். புகை பட்டால் இன்னும் சுருங்கும். ஒரு நொடியில் அவர் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு குறைந்துபோகும். சிறுபிள்ளைகளோ, எடையைக் கணக்கிட்டால், நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை.

பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கு 2009இல் நம் நாடு வகுத்த ஆண்டு வரம்பு, கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னதோ 5. ஆண்டுச் சராசரி ஊருக்கான கணக்கு. மூச்சு இழுக்கும் பிள்ளைக்கு அன்று மாலைப் புகைதான் கணக்கு. லண்டனில் வாகன நெரிசல் மிக்க சாலையருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளது சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

போகியும் தீபாவளியும் மட்டுமல்ல, நம் பங்குத் திருவிழாத் தேர்பவனியில் வெடிக்கும் சரவெடியும் இதே காற்றில்தான் கலக்கிறது. (வெடி வேண்டாம் என்றால் முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு!) தேர் வரும் தெருவில் யார் இன்ஹேலரோடு கதவடைத்து இருக்கிறார்கள் என்று அன்பியக் கூட்டத்தில் கேட்டு, அந்த வீடுகளின் முன்பாவது வெடியை நிறுத்தலாமே.