விஷவாயு தாக்கியதாம்

பத்திரிகைக்காரர்களிடம் ஒரு தயார் அச்சு இருக்கிறது. ‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி தொழிலாளி பலி.’ ஊர்ப் பெயரையும் வயதையும் மாற்றிப் போட்டால் அடுத்த மாதத்துக்கும் ஆகும். பெரம்பலூருக்கும் ஆகும், ஆவடிக்கும் ஆகும். ரெண்டு பேர் செத்தால் ‘காப்பாற்ற இறங்கியவரும் பலி’ என்று ஒரு வால் சேரும்.

இந்த வாக்கியத்தில் எழுவாய் யார்? வாயு. தாக்கியது வாயுவாம். மூடிய தொட்டிக்குள் மலம் அழுகி ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கிக் கிடக்கும். சகதியைக் கிளறினால் கிளம்பும். அது பாட்டுக்கு அங்கேதான் கிடந்தது, யாரையும் தேடிவந்து தாக்கவில்லை. மூடியைத் திறந்து ‘எறங்குடா’ன்னு சொன்ன வாய் ஒண்ணு இருக்கு. கூலி பேசின கை ஒண்ணு இருக்கு. அந்த வாயும் கையும் செய்தியில் எங்கேயும் கிடையாது.

எங்க தெருவில் எனக்கு அண்ணன் முறை ஆகிற ஒருத்தர் 2018ல் இப்படித்தான் செத்தார். காரை வீடு, புதுசாக் கட்டினது. கயிறு கூடக் கொடுக்கவில்லை. ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து இறக்கினார்கள். வீட்டுக்காரர் மறுநாள் ஊர்ப் பெரியவர்களோடு வந்து, “நான் என்ன வேணும்னா சாகச் சொன்னேன்? எதிர்பாராம நடந்துபோச்சு” என்றார். அண்ணி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது: “எதிர்பாக்கலன்னா உங்க புள்ளய எறக்கியிருக்கலாமுங்களே?”

அதற்குமேல் நான் என்ன எழுதிவிட முடியும்? ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ‘எதிர்பாராத’ என்ற அந்தச் சொல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு எண்ணாகிவிடும். சந்தேக மரணம் என்றால் அன்றைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. நாம் கூடிச் சத்தம் போட்டால் இ.பி.கோ. 304ஏ, கவனக்குறைவு, அதிகபட்சம் ரெண்டு வருஷம். (2024 ஜூலையிலிருந்து பி.என்.எஸ். 106, அஞ்சு வருஷம் வரை.) மலக்குழியில் ஆளை இறக்குவதைத் தடை செய்த 2013ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. தாழ்த்தப்பட்டவரைக் கையால் மலம் அள்ள வைத்தாலே குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(ஜே) இருக்கிறது. அந்தப் பிரிவுகளை எழுத ரைட்டரின் பேனா வளைவதில்லை. ‘விபத்துதானே’ என்கிறார்.

டெல்லியில் இதே வேலையை இன்னும் நயமாகச் செய்தார்கள். 2021ல் அமைச்சர் ராம்தாஸ் அதாவலே நாடாளுமன்றத்தில் சொன்ன பதில்: கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை. சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் ‘அபாயகரமாகச் சுத்தம் செய்ததில்’ செத்தவர்கள் 941 பேர் என்பது அதே வருஷம் அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. பிணம் இருக்கிறது, பெயர்தான் வேறு. சொன்னவர் தலித் பேந்தர் இயக்கத்திலிருந்து வந்தவர் என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு குறித்து வைக்கிறேன். அந்தக் கணக்கில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. சமூகநீதி மண்ணாச்சே.

சண்டை நடத்துகிற அரசுகளுக்கு இந்த வித்தை பழசு. 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தில் அமிரியா பதுங்குமிடத்தில் நானூறு பேருக்கு மேல் அமெரிக்கக் குண்டில் வெந்தார்கள். அந்த யுத்தத்தில்தான் ‘கொலாட்டரல் டேமேஜ்’ என்ற சொல்லை டெலிவிஷன் உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது. குறி நீ இல்லை, பக்கத்தில் இருந்தாய், பட்டுவிட்டது என்று அர்த்தம். 2009ல் வன்னியில் நடந்ததை இலங்கை அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. பொதுமக்கள் இழப்பு பூஜ்யம் என்றது. அந்தச் சொல்லைக் கேட்டுக் கொதித்து நம் தமிழுணர்வாளர்கள் தெருவில் இறங்கினார்கள். இறங்கியது சரி, நானும் போனேன். அதே தோழர்கள் அடுத்த தெருவில் நடக்கிற சாவுக்கு ‘விஷவாயு தாக்கி’ என்று கூசாமல் பேசுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வன்னியின் சொல் சுடுகிறது, மலக்குழியின் சொல் சுடவில்லை. நடுவில் சாதி இருக்கிறது.

சாவு ஒரே சாதிகளின் மேல், ஒரே விதமாக, வருஷம் தவறாமல் விழுந்தால் அது எப்படி எதிர்பாராதது? உச்சநீதிமன்றம் 2014 மார்ச் 27ல் சாவுக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக உயர்த்தியது. இனி வரப்போகிற சாவுகளுக்கும் சேர்த்துத்தானே தொகை? நீதிமன்றமே எதிர்பார்க்கிறது. வீட்டுக்காரர் மட்டும் எதிர்பார்க்கவில்லையாம்.

ஊரானைச் சொல்லிவிட்டேன், என்னையும் சொல்லணும். அண்ணன் சாவுக்கு நீதி கேட்டு நாங்கள் அடித்த நோட்டீஸை எழுதியது நான். ‘மலக்குழிக்கு மேலும் ஒரு உயிர் பலி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தேன். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “பலின்னா சாமிக்குக் குடுக்கறதுதானே தம்பி?” என்றது. “ஆட்டுக்குக் கூடத் தண்ணி தெளிச்சு, அது தலைய உலுக்குனாத்தான் வெட்டுவாங்க. உங்கண்ணன யாரு கேட்டா?”

ஆயிரம் நோட்டீஸ். மறுபடி அடிக்கக் காசில்லை. ராத்திரி முழுக்க நாலு பையன்கள் உட்கார்ந்து அந்தச் சொல்லை ஸ்கெட்ச் பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘கொலை’ என்று எழுதினோம். அறுநூறு வரைக்கும் முடிந்தது. மை தீர்ந்துபோனதால் மிச்சம் நானூறும் எங்க வீட்டுப் பரணில் கிடக்கிறது.