வெள்ளைத் தோலின் விலை

மிருகக் காட்சிசாலையில் ஒரு குட்டி பிறந்துவிட்டால் நம் பத்திரிகைகளுக்கு அன்று ஒரே கொண்டாட்டம். படம் போடுகிறார்கள், பெரிய மனிதர் யாராவது வந்து பெயர் சூட்டுகிறார், ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் குட்டி எந்த உறவில் பிறந்தது, வளர்ந்தபின் யாரோடு வாழப் போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் கேட்காமல் இருந்துவிட்டுப் போகட்டும். ராஜபாளையம், செட்டியார்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்காரர்கள் கேட்காமல் இருப்பதற்கு நியாயமே கிடையாது.

ஏனென்றால், வெள்ளைத் தோலுக்கு ஆசைப்பட்டு ஒரு வம்சத்தை வளர்த்தால் என்ன ஆகும் என்பதை நாம் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கிறோம். ராஜபாளையம் நாயின் பெருமை உலகமறிந்தது. 2005இல் அதற்குத் தபால்தலைகூட வெளியிட்டார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த நாய் அது. ஆனால் பால்போல் வெள்ளையாக, மூக்கு ரோஜா நிறத்தில் இருந்தால்தான் அசல் என்று ஒரு மோகம் பிறந்தது. அந்த நிறத்துக்காகச் சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கலாயின. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள்தாம் உட்செவி வேலை செய்வதற்கும் வேண்டியிருக்கின்றன. ஒன்றைத் துடைத்தால் மற்றொன்றும் போய்விடுகிறது. திருடன் வந்தால் காது கேட்காத காவல்நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இது நாய் வளர்க்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி.

நாயில் தெரிந்த உண்மை புலியில் மட்டும் நமக்கு மறந்துவிடுகிறது. 1951இல் ரீவா காட்டில் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்தார்கள். மகாராஜா அதற்கு மோகன் என்று பெயர் வைத்து அரண்மனையில் வளர்த்தார். சாதாரண நிறமுள்ள பெண்புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டி ஒன்றுகூடப் பிறக்கவில்லை. அதற்காக விட்டுவிட்டார்களா? மோகனை அதன் சொந்த மகளான ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. இன்று உலகத்துக் கூண்டுகளில் உலவும் வெள்ளைப் புலிகளின் வம்சாவளியைத் தேடிக்கொண்டு போனால் பெரும்பாலும் அந்த அரண்மனை வாசலில்தான் போய் நிற்போம். மாறுகண், வளைந்த முதுகு, பலவீனமான உடம்பு என்று அந்த வம்சம் அனுபவிக்கிற கஷ்டங்கள் கொஞ்சமல்ல. மாறுகண்ணாவது நிறத்தோடு ஒட்டிப் பிறந்தது. மற்றவை, ஒரே இரத்தத்தைத் திரும்பத் திரும்பக் கலந்ததற்குக் கிடைத்த கூலி.

அமெரிக்க மிருகக் காட்சிசாலைகளின் சங்கம் 2011இல், இனிமேல் வெள்ளைப் புலியை வேண்டுமென்றே உற்பத்தி செய்யக்கூடாது என்று தன் அங்கத்தினர்களுக்குச் சொல்லிவிட்டது. நம் நாட்டில் அது இன்னும் திருவிழாதான். வண்டலூரிலும் குட்டிகள் பிறந்திருக்கின்றன, கூட்டமும் கூடியிருக்கிறது. காட்டுக்கு அந்தப் புலி வேண்டியதில்லை. அது ஓர் இனமும் அன்று. அழிந்துபோகும் என்று பயந்து காப்பாற்றுவதற்கு அங்கே தனியாக ஒன்றுமே இல்லை. பிறகு யாருக்காக இந்தப் பிறப்பு? டிக்கெட் கவுண்டருக்காக!

வளர்க்கிற லட்சணம் இது. வைத்திருக்கிற லட்சணத்துக்கு மைசூரைப் பார்க்கலாம். 1995இல் டப்ளினிலிருந்து போலோ என்ற கொரில்லாவை அங்கே கொண்டுவந்தார்கள். கொரில்லா குடும்பஸ்தன். முதுகு வெளுத்த ஓர் ஆண், சில பெண்கள், குஞ்சும் குளுவானுமாகப் பிள்ளைகள் என்று கூட்டுக் குடித்தனமாக வாழ்கிற ஜீவன். போலோ 2014இல் சாகும்போது, இந்தியா முழுவதிலும் அதன் ஜாதியில் வேறு ஒன்று இல்லை. நல்ல தீனி கிடைத்திருக்கும், வைத்தியம் கிடைத்திருக்கும். ஆனால் அதன் பாஷையில் அதனோடு பேச ஒரு ஜீவன் உண்டா? நம்மில் ஒருவனை மூன்று வேளையும் விருந்து போட்டு, மனிதர்களே இல்லாத தீவில் வைத்தால் அதைத் தண்டனை என்போம். கொரில்லாவுக்குச் செய்தால் காட்சி என்கிறோம்.

2021இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு சகோதரர்கள் மைசூருக்கு வந்து சேர்ந்தார்கள். தனிமைக்கு இது எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஏன் ஆண் என்று யோசித்தீர்களா? கொரில்லாக் குடும்பத்துக்கு ஓர் ஆண் போதும். பிறப்பிலோ ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகப் பிறக்கின்றன. காட்டில் பருவம் வந்த ஆண் குடும்பத்தை விட்டுத் தன் வழியே போய்விடும். கூண்டில் பிறந்தது எங்கே போகும்? ஆகவே உலகமெங்கும் காட்சிசாலைகளில் மிஞ்சிப்போன ஆண் கொரில்லாக்களுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிரம்மசாரிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கிறார்கள். பிறப்பைக் கொண்டாடினோமே, அதற்குப் பின்னால் வரும் கணக்கு இதுதான்.

“டிக்கெட் வாங்குகிறவன் கொடுக்கிற காசில்தானே அண்ணாச்சி அத்தனை மிருகமும் சாப்பிடுகிறது? பார்த்தால்தானே பிரியம் வரும்? இனமும் அழியாமல் இருக்குமே!” என்று கேட்பவர்கள் உண்டு. கூண்டில் வளர்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அஸ்ஸாமில் குள்ளப் பன்றி அழியும் தறுவாயில் இருந்தபோது, 1996இல் சிலவற்றைப் பிடித்து வளர்த்தார்கள். பெருகியபின் 2008 முதல் புல்வெளிக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கூண்டுக்கு இரண்டு கதவு: காட்டிலிருந்து உள்ளே வர ஒன்று, காட்டுக்குத் திரும்பிப் போக ஒன்று. அப்படிப்பட்ட கூண்டைக் கையெடுத்துக் கும்பிடலாம். வெள்ளைப் புலியின் கூண்டுக்கு இரண்டாவது கதவே கிடையாது. பிரியத்தைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். மாறுகண் புலியைப் பார்த்துக் கைதட்டுகிற குழந்தை, புலியை நேசிக்கக் கற்றுக்கொள்கிறதா, விசித்திரத்தை வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொள்கிறதா?

செட்டியார்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. அங்கே சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அந்த அணிலுக்கு வீடு என்பது தனி மரம் அன்று. கிளையோடு கிளை கோத்துக்கொண்டு போகும் மரவரிசைதான் அதற்கு வீடு, வீதி, ஊர் எல்லாம். செண்பகத்தோப்புப் பக்கத்து ஓடைக்கரை மரங்களிலும் அடிவாரத்து மாந்தோப்புகளிலும் அது தாவித் தாவியே ஜீவிக்கிறது. நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அணிலின் ஊரை இரண்டாக வெட்டியதாக அர்த்தம். தரையில் இறங்கினால் நாய்க்கும் நரிக்கும் இரை.

இந்த வீட்டைக் கட்ட சிமெண்டு வேண்டாம், கண்ணாடிச் சுவர் வேண்டாம், வெளிநாட்டு ஒப்பந்தம் வேண்டாம். விட்டுப்போன இடத்தில் மரம் வைக்க வேண்டும். அணில் தின்ற மாங்காய்க்குத் தோப்புக்காரனிடம் ஒரு நியாயமான விலை பேச வேண்டும். அதற்குப் பணம் கேட்டால் யோசிக்கிறோம். வெள்ளைக் குட்டிக்கு என்றால் யோசிப்பதே இல்லை.

ஆகவே சர்க்காரையும் காட்சிசாலை அதிகாரிகளையும் கேட்கிறேன். வெள்ளைப் புலியை உற்பத்தி செய்வதை நிறுத்துங்கள். இருப்பவை சௌக்கியமாக இருந்து தம் காலத்தை முடிக்கட்டும். கூட்டமாக வாழும் பிராணியைத் தனியாக வாங்கி வைக்காதீர்கள். புதிய குட்டி எதுவானாலும், அது போகப் போகும் இடத்தை முதலில் சொல்லிவிட்டு, பெயர் சூட்டு விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.