கோவைக்கும் மதுரைக்கும் டிராம் வேண்டும்

கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் இரு நகரங்களுக்கும் அது இல்லை என்கிறது டெல்லி. அதே கொள்கை இருக்கும்போதுதானே ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் போபாலுக்கும் கொடுத்தீர்கள் என்று கேட்கிறது தமிழ்நாடு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த வாதத்தில் யார் ஜெயித்தாலும், கோவை காந்திபுரத்தில் பேருந்துக்குக் கால்கடுக்க நிற்பவருக்கு உடனே ஒரு வண்டியும் வந்துவிடாது.

இரு தரப்பும் பேசாத ஒரு வழி இருக்கிறது. சாலை மட்டத்திலேயே, தனித் தடத்தில் ஓடும் நவீன டிராம். மெட்ரோ கேட்பதற்கு முன் டிராம் உள்ளிட்ட மாற்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வதும் அதே 2017 கொள்கைதான். சிறிய நகரங்களுக்கென்று ‘மெட்ரோலைட்’ என்ற பெயரில் 2019-ல் தரநிலைகளை வெளியிட்டதும் மத்திய அமைச்சகமே. வெளியிட்டதோடு சரி.

தமிழ்நாட்டுக்கு டிராம் புதிதல்ல. லண்டனில் மின்சார டிராம் ஓடுவதற்கு முன்பே, 1895 மே 7 அன்று சென்னையில் ஓடத் தொடங்கிவிட்டது. மேலே கம்பி கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவே மண்ணுக்குள் பதித்த குழாய் வழியாக மின்சாரம் எடுத்தார்கள். மழைக்காலத்தில் அந்தக் குழாயில் தண்ணீர் நிரம்பி வண்டிகள் நின்றதால் பிறகு மேல்நிலைக் கம்பிக்கு மாறினார்கள். நடத்திய நிறுவனம் நொடித்துப்போக, அரசும் கை கொடுக்க முன்வராததால், 1953 ஏப்ரல் 12-ல் எல்லாம் நின்றது. கொழும்பு 1960-ல் நிறுத்தியது. சிட்னி 1961-ல் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, ஏறக்குறைய 60 ஆண்டு கழித்து வெறும் 12 கிலோமீட்டருக்குச் சுமார் 300 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவழித்தது. பெயர்க்காமல் விட்ட மெல்போர்னில் இன்று 250 கிலோமீட்டர் ஓடுகிறது. 1873-ல் தொடங்கிய கொல்கத்தா டிராமை, மைதானப் பகுதியில் ஒரு தடம் தவிர மற்றதெல்லாம் மூடப்போவதாக மேற்கு வங்க அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. சென்னை செய்த தவற்றைப் பார்த்தும் கொல்கத்தா அதையே செய்வது வேதனை.

கோவையும் மதுரையும் பாடம் கேட்க வேண்டிய ஊர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர். மக்கள்தொகை அப்போது இரண்டரை லட்சம். அங்கும் முதலில் திட்டமிட்டது சுரங்க மெட்ரோதான். 1989 நகராட்சித் தேர்தலில், மெட்ரோ வேண்டாம், டிராம் போடுவோம் என்று சொல்லி நின்ற காத்ரீன் டிரோட்மன் மேயரானார். கடைக்காரர்கள் பயந்தார்கள்; கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். அவர் அசையவில்லை. ஊரின் நடுநாயகமான கிளெபர் சதுக்கத்தில் 1992-ல் கார்களை நிறுத்தினார். 1994 நவம்பரில் டிராம் வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவரே மீண்டும் வென்றார். சாலையில் கார்களுக்கு இருந்த இடத்தைப் பிடுங்கிப் பயணிகளுக்குக் கொடுத்த துணிவை விட்டுவிட்டு வண்டியை மட்டும் வாங்கி வந்தால் இங்கே ஒன்றும் நடக்காது.

கோவை இதுவரை போன திசை நேர் எதிரானது. அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 1,791 கோடி ரூபாய் செலவழித்து 2025 அக்டோபரில் திறந்தோம். அது கார் வைத்திருப்பவருக்கு. தனிப் பேருந்துத் தடம் ஒன்றுக்காவது அந்த வேகம் காட்டியிருக்கிறோமா?

மதுரையில் வேறொரு சிக்கல் எழும். சித்திரைத் தேர் சுற்றும் மாசி வீதிகளில் மேல்நிலைக் கம்பி கட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்; சம்மதிக்கவும் கூடாது. அதற்கும் வழி உண்டு. பிரான்சின் போர்தோ நகரம் 2003-லேயே தன் பழைய வீதிகளில் கம்பியில்லாமல் டிராம் ஓட்டியது. வண்டி மேலே நிற்கும் துண்டில் மட்டும் தரையில் மின்சாரம் பாயும். அதே நாட்டின் நீஸ் நகரச் சதுக்கத்தை 2007-ல் டிராம் பேட்டரியில் கடந்தது. மழைநீர் தேங்கும் நம் வீதிகளுக்குப் பேட்டரியே தோது.

பணம்? மெட்ரோவுக்கு இரு நகரங்களுக்கும் சேர்த்து மதிப்பிட்டது 22,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பங்கு மாநிலத்தின் தலையில்தான் விழும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக் கொல்லிமலை ஏறும் அரசுப் பேருந்தும் அதே கருவூலத்தை நம்பித்தான் ஓடுகிறது. சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகும் பலாவும் கொண்டுவருபவரும், நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் நோயாளியும், கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் அந்தப் பேருந்தை விட்டால் வேறு வழி இல்லாதவர்கள். மலைக்கு டிராம் ஏறாது. ஆனால் தூண்களும் சுரங்கமும் இல்லாத தடத்துக்குச் செலவு குறைவு என்பதால், நகரங்கள் சிக்கனமாகத் தேர்ந்தெடுத்தால் மலைக்குக் கூடுதல் பேருந்து விட முடியும்.

பிரான்ஸ் இன்னொரு வழியும் கண்டது. நிறுவனங்கள் தரும் சம்பளத்தின் மீது ஒரு போக்குவரத்து வரி. பாரீஸில் 1971-ல், மற்ற பெருநகரங்களில் 1973-ல். தொழிலாளி நேரத்துக்கு வேலைக்கு வருவதால் முதலாளிக்கும் லாபம்தானே? பஞ்சாலையும் பம்ப்செட்டும் வார்ப்படமுமாக வளர்ந்த கோவை, இதைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை.

டிராம் என்றாலே மலிவு என்று எண்ணிவிடவும் கூடாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 14 கிலோமீட்டர் தடம் பல ஆண்டு தாமதத்துக்குப் பின் 2014-ல் முடிந்தபோது செலவு 77.6 கோடி பவுண்டு. தோண்டத் தோண்டக் குழாய்களும் கேபிள்களும் வந்தது ஒரு காரணம், ஒப்பந்தச் சண்டை இன்னொன்று. நம் தெருக்களுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதைத் தோண்டும் முன்பே கண்டறிந்தாக வேண்டும்.

ஆகவே தமிழ்நாடு அரசு டெல்லியோடு வாதாடட்டும். அதற்காகக் கை கட்டிக் காத்திருக்க வேண்டாம். மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் இடையே, கோவையில் காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் இடையே டிராம் தடம் ஒன்றுக்கான ஆய்வை இந்த நிதியாண்டிலேயே தொடங்க வேண்டும். மெட்ரோலைட் திட்டத்தில் பங்கு தருவதாக மத்திய அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். ஆய்வு முடியும்வரை அதே தடங்களில் பேருந்துக்குத் தனி வழி ஒதுக்க வேண்டும். அதற்குப் போக்குவரத்துக் காவலர்களும் கொஞ்சம் பெயிண்டும் போதும்.