பேய்களா செய்தன?

மனிதர் செய்த கொடுமையை மனிதர் செய்ததாகவே சொல்வது வரலாற்றின் முதற் கடமை. அதனைப் பேய் செய்தது என்று சொல்லுமிடத்தில் வரலாறு முடிந்து மயக்கம் தொடங்குகின்றது. யப்பானின் கப்கொம் நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஒனிமுஷா' என்னும் வீடியோ விளையாட்டும் அதன் தொடர்ச்சிகளும் இம்மயக்கத்தையே வாளின் பளபளப்போடு விற்பனை செய்கின்றன. வெறும் விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்கிவிட நாம் ஆயத்தமாயில்லை. ஒரு தலைமுறை தன் ஓய்வுப் பொழுதை எதிற் செலவிடுகின்றதோ, அதுவும் அத்தலைமுறையின் பாடநூலே.

கதை இது. 1560 இல் ஒக்கெஹசாமாப் போரில் வென்ற ஓதா நொபுனாகா என்னும் பிரபு, அம்பு தைத்து மடிகின்றான். 'கென்மா' எனப்படும் பேய்க்குலம் அவனை உயிர்ப்பித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. பேய்கள் கவர்ந்த இளவரசியை மீட்கச் சாமானொசுகே என்னும் சாமுராய் புறப்படுகின்றான். அவன் அணிந்த கைக்கவசம் வெட்டுண்ட பேய்களின் உயிர்களை உறிஞ்சும். உறிஞ்சிய உயிர்களைக் கொடுத்து வாளின் வலிமையைப் பெருக்கலாம். கொல்; சேர்; பெருக்கு; மீண்டும் கொல். மூலதனம் பெருகும் விதத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்குதல் அரிது!

உண்மையான நொபுனாகா ஒக்கெஹசாமாவில் மடியவில்லை. அதன் பின்னும் 22 ஆண்டுகள் வாழ்ந்தான். 1571 இல் ஹியெய் மலையின் மடங்களை எரித்தான். துறவிகளோடு பெண்களும் பிள்ளைகளும் மாண்டனர். 1574 இல் நகஷிமாவில், இக்கோ என்னும் பௌத்தப் பிரிவைச் சேர்ந்த கிளர்ச்சியாளரை வேலியிட்டு அடைத்துத் தீவைத்தான். ஏறத்தாழ 20,000 ஆண்களும் பெண்களும் அவ்வாறு மாண்டனர் என்று, அவனிடமே பணிபுரிந்த ஓதா கியூயிச்சி எழுதிய வரலாறு கூறுகின்றது. யார் இக்கிளர்ச்சியாளர்? உழவர், கைவினைஞர், சிறு வணிகர், ஊர்க் குருமார், சிறு போர்வீரர். காகா மாகாணத்தில் 1488 இல் ஆளுநனை வீழ்த்தி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தம் ஆட்சியை நடத்தியவர் இவ்வியக்கத்தினரே. பிரபுக்கள் அஞ்சியது பேய்களுக்கன்று, இவர்களுக்கே.

இவர்களைக் கொன்றொழிக்கப் பேயொன்றும் தேவைப்படவில்லை. நிலத்தின் மீதும் வரியின் மீதும் அதிகாரத்தின் மீதும் மனிதனுக்குள்ள வேட்கையே போதுமாயிருந்தது. 1582 இல் நொபுனாகாவை வீழ்த்தியதும் பேயோட்டியின் வாளன்று. அவனுடைய தளபதி அகெச்சி மித்சுஹிதேயின் படையே.

நொபுனாகா தன்னை 'ஆறாம் விண்ணுலகின் அசுர வேந்தன்' என்று தானே எழுதிக்கொண்டானே என்பர் சிலர். யேசு சபையைச் சேர்ந்த லூயிஸ் புரோயிஸ் பாதிரியாரின் 1573 ஆம் ஆண்டுக் கடிதம் அவ்வாறு கூறுவது உண்மைதான். ஆனால், தன்னைக் கண்டு நாடு நடுங்க வேண்டும் என்று விரும்பிய பிரபுவின் செருக்கு அது. அச்செருக்கை நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் வேதவாக்காகக் கொள்வது கலைஞனுக்கு அழகாகுமா?

வாள் சாமுராயின் ஆன்மா என்று புகழ்கின்றனர். அந்த வாள் ஒரு வகுப்பாருக்கு மட்டும் உரியதானது எவ்வாறு? 1588 இல் ஹிதெயோஷி ஆணை பிறப்பித்து உழவரிடமிருந்து வாளையும் ஈட்டியையும் துப்பாக்கியையும் பறித்தான். அவ்விரும்பு பெரும் புத்தர் சிலைப் பணிக்கு ஆணியாகும். அதனால் உழவருக்குப் புண்ணியம் சேரும் என்று ஆறுதலும் கூறினான். குடியானவன் வெறுங்கையனான கதை இது. இதனை எந்தக் கைக்கவசமும் நமக்குக் காட்டவில்லை.

கொல்லப்படுபவனைப் பேயாக்கிவிட்டாற் கொல்பவனுக்கு மனச்சான்று உறுத்தாது. யப்பானிய ஏகாதிபத்தியம் இதனை நன்கறிந்திருந்தது. 1943 இல் கடற்படையின் ஆதரவோடு வெளிவந்த 'மொமொதாரோவின் கடற்கழுகுகள்' என்னும் சித்திரப்படம், பேய்த்தீவை வென்ற பழைய நாடோடிக் கதைச் சிறுவனை அழைத்துவந்து, பேர்ள் துறைமுகத்தையே பேய்த்தீவாகக் காட்டியது. பிள்ளைகளுக்கென எடுக்கப்பட்ட படம் அது! ஒனிமுஷாவை ஆக்கியோருக்கு அத்தகைய நோக்கம் உண்டென்று நாம் கூறவில்லை. ஆயினும் எதிரே நிற்பது பேய் என்றவுடன் எண்ணிப் பாராது வாளோங்கும் பழக்கம் எந்தக் கையிற் படிந்தாலும் அது நற்பழக்கம் அன்று.

இறுதியாக ஒரு முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகிரா குரொசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' 1954 இல் வெளிவந்தது. அதில் தொஷிரோ மிபுனே, சாமுராய் வேடம் பூண்ட உழவன் மகனாக நடித்தார். உழவரின் கள்ளத்தனத்தைக் கண்டு சாமுராய்கள் சினக்குமிடத்து, அவர்களை அந்நிலைக்குத் தள்ளியவர்கள் ஊர்களை எரித்த சாமுராய்களே என்று அவன் குமுறுகின்றான். கேட்டிருந்த தலைவனின் கண்கள் கலங்குகின்றன. மிபுனே 1997 இல் மறைந்தார். 2024 இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட புதிய ஒனிமுஷாவில், வாள்வீரன் முசாஷிக்கு அவருடைய முகத்தையே பொருத்தியுள்ளனர். அம்முகம் இங்கே பேய்களை வெட்டுகின்றது. முகத்தை எடுத்துக்கொண்டனர், அக்குமுறலை விட்டுவிட்டனர்.

கற்பனைக்கு நாம் பகைவரல்லர். பாட்டி சொன்ன பேய்க் கதையில் வளர்ந்தவர்களே நாமும். கணினித் திரையில் உழைக்கும் சித்திரக்காரரின் திறமையையும் நாம் குறைத்துரைக்கவில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். நகஷிமாவின் வேலிக்குள் எரிந்தவர்களுக்கு ஒரு கதை வேண்டும். அக்கதையில் தீவைத்த கை மனிதக் கையாகவே இருத்தல் வேண்டும். பேயை வெல்ல மந்திரவாள் போதும். மனிதனின் கொடுமையை வெல்ல, அது மனிதனுடையது என்று முதலில் அறிந்தாக வேண்டும்.