ஏழரை நாட்டுச் சனியும் லித்தியம் உப்பும்

நமது நாட்டில் ஒருவனுக்குக் கால் ஒடிந்தால் கட்டுக் கட்டுகிறவனைத் தேடுகிறார்கள். பல் வலித்தால் பல் வைத்தியரிடம் ஓடுகிறார்கள். மூளையில் கோளாறு ஏற்பட்டால் மாத்திரம் சோசியனையும், பூசாரியையும், தாயத்துக்காரனையும் தேடுகிறார்கள். இதற்குக் காரணம் என்ன? காலும் பல்லும் உடம்பு. மனது என்பது மாத்திரம் உடம்பைச் சேர்ந்ததல்ல, அது ஏதோ ஆகாயத்தில் தொங்குகின்ற ஒரு வஸ்து என்று ஜனங்கள் எண்ணிக்கொண்டிருப்பதுதான். ஆத்மா என்று ஒன்றைக் கட்டிவிட்டவர்கள் நமக்குச் செய்த உபகாரங்களில் இதுவும் ஒன்றாகும்.

இங்கு நான் எழுத எடுத்துக்கொண்டது 'பைபோலார்' என்று டாக்டர்கள் சொல்லுகின்ற இருதுருவ மனநோயைப் பற்றியாகும். இதைப் புஸ்தகத்தில் படித்துவிட்டு மாத்திரம் எழுத வரவில்லை. எனக்கு இந்த வியாதி இருக்கிறது என்று 46-வது வயதில் ஒரு டாக்டர் கண்டு சொன்னார். அதற்கு முந்திய இருபத்தைந்து வருஷ காலத்தில் ஊராரும் உறவின் முறையாரும் எனக்கு வைத்த பெயர்களோ பல. நான்கு ராத்திரி தூங்காமல் வேலை செய்தபோது 'சுறுசுறுப்புக்காரன்' என்றார்கள். கையில் இருந்ததையெல்லாம் வாரி இறைத்தபோது முதலில் 'தருமப்பிரபு' என்றும், மறுவாரம் 'ஊதாரி' என்றும் சொன்னார்கள். மூன்று மாதம் குளிக்கவும் மனமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தபோது 'சோம்பேறி' என்றார்கள். இரக்கமுள்ள கிழவிகள் 'எவளோ செய்வினை வைத்துவிட்டாள்' என்றார்கள். ஒருவராவது 'இது வியாதி' என்று சொல்லவில்லை.

இந்த வியாதியின் தன்மைதான் என்ன? சில வாரங்களோ மாதங்களோ மனது கட்டுமீறிக் கிளம்பும். தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, உலகத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று தோன்றும். பிறகு ஒரு காலம் அதே மனது பாதாளத்தில் விழும். செத்தால் தேவலை என்று தோன்றும். நடுவில் பல மாதங்கள், சிலருக்குப் பல வருஷங்கள், ஒரு குறையுமில்லாமல் மற்றவர்களைப் போலவே இருப்பார்கள். பெரும்பாலோருக்கு இருபது வயதையொட்டி ஆரம்பித்துவிடுகிறது. அப்படியிருக்க, நாற்பதைத் தாண்டித்தான் பெயர் தெரிகிறதென்றால் அதற்குக் காரணம் உண்டு. கிளம்பியிருக்கும் காலத்தில் எவனும் டாக்டரிடம் போவதில்லை. 'என்னைப் போல் சுகமாயிருப்பவன் யார்' என்றுதான் இருப்பான். விழுந்து கிடக்கும்போதுதான் போகிறான். டாக்டரும் விழுந்ததை மட்டும் பார்த்துச் சோர்வுக்கு மருந்து கொடுத்தனுப்புகிறார். அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்குக் கிளப்பத்தையே உண்டாக்கிவிடும்.

நிற்க, இதற்குச் சோசியன் சொல்லும் காரணத்தைப் பார்ப்போம். 'ஏழரை நாட்டுச் சனி' என்கிறான். ராசிகள் பன்னிரண்டு. எந்தக் காலத்திலும் அவற்றில் மூன்று ராசிக்காரருக்கு ஏழரை நடந்துகொண்டேதான் இருக்கும். அதாவது உலக ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்குப் பேர் எந்நேரமும் சனியின் வாயில் இருக்கிறார்கள். அது பொருந்தாவிட்டால் அட்டமத்துச் சனி, அதுவும் பொருந்தாவிட்டால் கண்டகச் சனி. இப்படி வலையை விரித்து வைத்துக்கொண்டு 'மீன் அகப்பட்டது பார்த்தாயா!' என்று கேட்டால், இது சாஸ்திரமா, வயிற்றுப் பிழைப்பா என்று கேட்கிறேன்.

இன்னொரு சங்கதியைத் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். மற்ற எந்த வியாதியையும் விட மந்திரக்காரனுக்கு அதிக லாபம் தரும் வியாதி இதுதான். எப்படியென்றால், வைத்தியம் பார்க்காமல் விட்டாலும் கிளம்பியது சில மாதத்தில் தானே அடங்கும். விழுந்தது தானே எழும். குணசீலத்துப் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கினால் சித்தப்பிரமை தீரும் என்று சொல்லி இன்றும் கொண்டுபோய் விடுகிறார்கள். அடங்கப்போகிற வியாதிக்கு 48 நாள் தவணை கொடுத்தால் சிலருக்கு அடங்கத்தானே செய்யும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அடுத்த வருஷம் மறுபடியும் வியாதி வந்தால், அது பெருமாள் தோற்றதாகக் கணக்கில் ஏறாது; 'வேண்டுதலில் குறை வைத்தாய்' என்று நோயாளியின் தலையிலேயே ஏறும். ஒரு வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் அந்தக் கோயிலைச் சார்ந்தே மனநோயாளிகளுக்கு மறுவாழ்வு இல்லம் வைத்து, டாக்டரையும் வரவழைக்கிறார்கள். பெருமாளுக்கும் மாத்திரையின் ஒத்தாசை வேண்டியிருக்கிறது போலும்!

இதெல்லாம் வெறும் பணநஷ்டத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை ஏர்வாடியில் என்ன நடந்தது? தர்காவுக்கு வந்தவர்களை நம்பி ஏற்பட்ட தனியார் 'மனநோய் இல்லம்' ஒன்றில் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்தார்கள். மாண்டவர்கள் 28 பேர். அவர்களைக் கட்டிப்போட்டவன் எந்த மதத்துக்காரன் என்பது இங்குக் கேள்வியல்ல. கோயில் வாசலிலும் மாதா கோயில் வாசலிலும் இதே சங்கிலி இருந்ததுதான். பெற்றவர்களே கொண்டுவந்து விட்டார்கள், மாதம் பிறந்தால் பணமும் கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. பிள்ளைக்குப் பேய் என்று நம்பாத தகப்பன் அந்தச் சங்கிலிக்குச் சம்மதித்திருப்பானா?

இனி மருந்தின் கதையைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்று ஒரு டாக்டர். ஜப்பானியரிடம் யுத்தக் கைதியாய்ச் சிங்கப்பூரில் மூன்றரை வருஷம் அடைபட்டுக் கிடந்து வந்தவர். மெல்போர்ன் பக்கத்தில் ஒரு சாதாரண ஆஸ்பத்திரியில், பெரிய சாதனம் ஒன்றும் இல்லாமல் சீமைப் பெருச்சாளிகளை வைத்துச் சோதனை செய்து, லித்தியம் என்ற உப்பைத் தாமே முதலில் விழுங்கிப் பார்த்து, பிறகு 1948-ல் 51 வயதுள்ள ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். ஐந்து வருஷமாய் அடங்காத கிளப்பத்தில் இருந்த அந்த மனிதன் சில மாதத்தில் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையிலும் சேர்ந்தான். 1949-ல் கேட் இதை அச்சிட்டு உலகத்துக்குச் சொன்னார். லித்தியம் என்ற பெயர் கிரேக்க மொழியில் கல் என்பதிலிருந்து வந்தது. நாம் ஆயிரக்கணக்கான வருஷமாய்க் கல்லுக்குப் பாலும் நெய்யும் ஊற்றி ஒன்றையும் காணவில்லை. ஒருவன் கல்லை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்தான், அது வேலை செய்கிறது!

அந்த முதல் நோயாளியின் கதை அங்கே முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவன் மருந்தை நிறுத்தினான், வியாதி திரும்பியது, மறுபடியும் கொடுத்தார்கள், முடிவில் 1950-ல் அதே உப்பு உடம்பில் அளவு மீறி இறந்துபோனான். இதைக் கண்டுதான் ரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று அளந்து அளந்து கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. தோற்ற கணக்கை எழுதி வைத்து அதிலிருந்து கற்றுக்கொண்ட பூசாரி ஒருவனை எனக்குக் காட்டுங்கள்.

நானும் அந்த உப்பைத்தான் தினம் சாப்பிடுகிறேன். கை சற்று நடுங்குகிறது, தாகம் அதிகம். ரத்தத்தில் அளவையும், மூத்திரக்காயும் தைராய்டும் கெடாமல் இருக்கின்றனவா என்பதையும் குறித்த காலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. வேறு மருந்துகளும் உண்டு. ஆனால் ஒன்று: உப்பில்லா விரதம், தண்ணீரில்லா நோன்பு, வெயிலில் பாதயாத்திரை ஆகியவை உடம்பில் நீரையும் உப்பையும் குறைத்து, லித்தியத்தை விஷமாக்கிவிடும். சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி என்று கண் விழித்தால் தூக்கம் கெட்டு, அதுவே கிளப்பத்துக்கு வாசலாகும். 'வியாதி தீர விரதம் இரு' என்று எனக்குச் சொன்னவர்களுக்குக் கணக்கே இல்லை. வாசலில் விஷத்தை வைத்துக்கொண்டு வைத்தியம் சொல்லுகிறார்கள்!

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் இயக்கத் தோழர்கள் சிலரே என்னிடம், 'பகுத்தறிவுள்ளவனுக்கு மனநோயா? மனதைத் திடப்படுத்திக்கொண்டால் போகாதா? ஆயுள் பூராவும் மாத்திரையா?' என்று கேட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரனைப் பார்த்து 'திடப்படுத்திக்கொள், சர்க்கரை இறங்கிவிடும்' என்று இவர்கள் சொல்லுவதில்லை. அப்படியானால் மனது மாத்திரம் உடம்புக்கு வெளியே நின்று உடம்பை அதிகாரம் செய்கிறது என்றல்லவா ஆகிறது? பூசாரி அதற்கு ஆத்மா என்று பெயர் வைத்தான். இவர்கள் மனோதிடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மாறியதால் சரக்கு மாறிவிடவில்லை. ஆராய்கிற கருவியே பழுதாகிற வியாதிக்கு அந்தக் கருவியைக் கொண்டே வைத்தியம் செய்துகொள் என்பது, உடைந்த தராசைக் கொண்டே தராசு சரியா என்று நிறுத்துப் பார்க்கச் சொல்லுவதாகும்.

சட்டம் இவர்களைவிட முன்னே போயிருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த ரூபத்திலும் கூடாதென்கிறது. வியாதி உண்டு என்பதினாலேயே ஒருவனைப் புத்தி சுவாதீனமற்றவன் என்று, கோர்ட்டு சொன்னாலொழிய, சொல்லக் கூடாதென்கிறது. உடல் வியாதிக்குள்ள இன்ஷ்யூரன்ஸ் மனநோய்க்கும் உண்டென்கிறது. சமூகத்தில் பரவியிருக்கும் மத நம்பிக்கைக்கு ஒருவன் ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு அவனுக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாதென்றும் சொல்லுகிறது. கோயிலுக்குப் போகாதவனையெல்லாம் பைத்தியம் என்று பேசித் திரிகிறவர்கள் இந்தக் கடைசிச் சங்கதியைக் கவனிப்பார்களாக!

ஆனால் கலியாணச் சந்தையில் சட்டம் என்ன செய்யும்? தகப்பனுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் பெண் எடுக்க மாட்டார்கள் என்று பயந்து, மாத்திரைச் சீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிற குடும்பங்கள் எத்தனை! தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்கு மற்றவர்களைவிட இடம் அதிகம் என்பது உண்மை; வந்தே தீரும் என்பது பொய். ஒளித்து வைத்தால் நடப்பது ஒன்றுதான். பிள்ளைக்கு வந்தால் அதன் பெயர் தெரிய அவனுக்கும் நாற்பத்தாறு வயது ஆகும். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பியோடு இதையும் சேர்த்தே சொன்னோம். இரண்டு இடம் தட்டிப்போயிற்று. இரண்டு இடத்துக்காரரும் பத்துப் பொருத்தமும் பார்த்து, ஒன்பது நன்றாயிருக்கிறது என்று சொன்னவர்கள்! மூன்றாவதாக வந்த பையன் ஒரு கேள்விதான் கேட்டான்: 'மாமா தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறாரா?' கலியாணம் அடுத்த மாதம், புரோகிதன் இல்லாமல், பகல் பதினொரு மணிக்கு. ராத்திரிக் கச்சேரி கிடையாது. எனக்குத் தூக்கம் வேண்டும்.