விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு பெரட்டுக்களம்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியது. அவர் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். கணவருக்கு எண்ணெய் ஆலையில் மின்சாரப் பிரிவில் உதவியாள் வேலை. மூத்த மகன் படிவம் மூன்று படிக்கிறான்.

"வாத்தியாரய்யா, கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பி பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அன்று பிடித்த சனி. பள்ளிவிட்டு வந்தால் பிள்ளை அதன் முன்னால்தான் கிடக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் 'இதோ வர்றேம்மா' என்கிறான், சோறு ஆறிப்போகிறது. கேட்டால் 'நான் கம்ப்யூட்டர்தான் படிக்கப் போறேன்' என்கிறான். அவன் அப்பாவோ, 'விளையாடுறவனெல்லாம் படிக்கிறவனா? வயரிங் வேலை கத்துக்கட்டும், அந்தப் பெட்டியை வித்துப்போடு' என்கிறார். தினமும் வீட்டில் சண்டை. விற்கலாமா, வேண்டாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

சகோதரி, அப்பனுக்கும் மகனுக்கும் நடக்கிற வழக்கில் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டீர்கள். பஞ்சாயத்துக்காரனும் யோக்கியன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தி முடித்த பிறகு, இரவில் பந்து விளையாட்டு ஒன்றைக் கணினியில் ஆடுகிற வழக்கம் எனக்கு உண்டு. என் மனைவியும் சோறு ஆறுகிறது என்றுதான் கத்துகிறாள். ஆகவே என் தீர்ப்பில் ஒரு பக்கச் சாய்வு இருக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன்: பெட்டியை விற்காதீர்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கணினித் திரையில் தெரியும் படம் முழுவதும் புள்ளிகளால் ஆனது. இன்று சாதாரணமாக விற்கும் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள் இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 20 லட்சத்துக்கு மேல் வருகிறது. விளையாட்டில் பந்து உருள வேண்டும், கார் ஓட வேண்டும், நிழல் விழ வேண்டும் என்றால், ஒரு விநாடிக்கு 60 தடவை ஒவ்வொரு புள்ளிக்கும் 'இப்போது என்ன நிறம்?' என்று கணக்குப் போட்டாக வேண்டும். விநாடிக்கு 12 கோடிப் புள்ளிகள்!

கணினியின் தலைமைச் சில்லு நம் ஆபீஸ் கிராணி மாதிரி. கெட்டிக்காரர். எவ்வளவு சிக்கலான கணக்கைக் கொடுத்தாலும் போடுவார். ஆனால் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். 12 கோடிக் கணக்கைத் தூக்கி அவர் மேசையில் வைத்தால் என்ன ஆகும்? ஆகவே விளையாட்டுக்கென்று தனியாக ஒரு சில்லைச் செய்தார்கள். அது பெரட்டுக்களம் மாதிரி. காலை ஆறு மணிக்கு ஐந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நிரை. எல்லாருக்கும் ஒரே வேலை, பால் வெட்டுவது. யாரும் பெரிய கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. ஆனால் ஐந்நூறு கத்தியும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பத்து மணிக்குள் மலை முழுவதும் வெட்டி முடிந்துவிடுகிறது. கிராணி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாளாக அதைச் செய்ய முடியுமா?

இந்த விளையாட்டுச் சில்லுகளால் பேர் பெற்ற நிறுவனம் அமெரிக்காவின் என்விடியா. அதை 1993இல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியவர் ஜென்சன் ஹுவாங். தைவானில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா போனவர். பதினைந்து வயதில் டென்னிஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினார், மேசை துடைத்தார். பிற்காலத்தில் நண்பர்கள் மூவரும் கம்பெனி தொடங்கப் பேசி முடிவெடுத்ததும் அதே டென்னிஸின் வேறொரு கிளையில்தான். அப்போது அவர்கள் மனத்தில் இருந்தது விளையாட்டுப் படங்கள், அவ்வளவுதான்.

2012இல் கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற மாணவர் ஒரு காரியம் செய்தார். படத்தைக் காட்டினால் அது பூனையா, கப்பலா, காளானா என்று கணினியே சொல்ல வேண்டும். அதற்காக 12 லட்சம் படங்களைக் காட்டிக் கணினிக்குப் பாடம் நடத்தினார். எதை வைத்து நடத்தினார் தெரியுமா? விளையாட்டுப் பிரியர்கள் கடையில் வாங்கும் என்விடியா அட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 512 சிறு கணக்காளிகள். பெற்றோர் வீட்டில் தம் படுக்கையறையிலேயே அதை ஓடவிட்டார். ஐந்தாறு நாள் இரவும் பகலும் ஓடியது. அந்த ஆண்டு நடந்த பன்னாட்டுப் போட்டியில் மற்ற எல்லாரையும் வெகு தூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார். செயற்கை நுண்ணறிவு என்று இன்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதன் இன்றைய ஓட்டம் அந்தப் படுக்கையறையில் சூடு பிடித்ததுதான். அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பையன் படுக்கையறையில் பெட்டியை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த வீட்டிலும் சோறு ஆறியிருக்குமோ என்னவோ!

அதே 2024இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் டெமிஸ் ஹசாபிஸ். லண்டனில் பிறந்தவர். தாயார் சிங்கப்பூர்ச் சீனர். நான்கு வயதில் சதுரங்கம் கற்றார். போட்டியில் வென்ற பணத்தில் எட்டு வயதில் கணினி வாங்கினார். பதினேழு வயதில், கேளிக்கைப் பூங்கா ஒன்றை நடத்துவது போன்ற ஒரு கணினி விளையாட்டை உருவாக்குவதில் முக்கியப் பங்கெடுத்தார். அது 1994இல் வெளிவந்து நன்றாக விற்றது. பிறகு அவர் தொடங்கிய நிறுவனம், பழைய வீடியோ விளையாட்டுகளைக் கணினி தானே ஆடிப் பழகும்படி செய்தது. 2016இல் சியோல் நகரில் 'கோ' என்னும் பலகை விளையாட்டின் பெரிய ஆட்டக்காரர் லீ செடோலை நாலுக்கு ஒன்று என்று வென்றது. அங்கிருந்து நம் உடம்பிலுள்ள புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் வேலைக்குப் போனார்கள். ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிய ஆராய்ச்சியாளருக்கு ஆண்டுக்கணக்கில் ஆவதுண்டு. இவர்கள் 20 கோடிப் புரதங்களுக்குக் கணித்து, மருந்து ஆராய்ச்சி செய்வோர் இலவசமாகப் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள்.

இதை மகனிடம் படித்துக் காட்டினால் துள்ளிக் குதிப்பான். 'பார்த்தியாம்மா, நோபல் பரிசு வாங்கினவரே விளையாடினவர்தான்' என்பான். கொஞ்சம் பொறு தம்பி. அவர் விளையாடினார், உண்மை. விளையாட்டைச் செய்யவும் செய்தார். நீ எந்தப் பக்கம்?

விளையாட்டிலும் இரண்டு சாதி இருக்கிறது என்பதை, சகோதரி, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அஞ்சுவது பெட்டிக்குள் இருக்கும் விளையாட்டுக்கு அல்ல, கைப்பேசியில் 'இலவசம்' என்று வருகிறதே, அதற்குத்தான். ஆட்டம் இலவசம். உள்ளே போனால் ஒரு மாயப் பெட்டி இருக்கும். காசு கட்டினால் திறக்கும். உள்ளே வாளா, சட்டையா, குப்பையா, திறந்தால்தான் தெரியும். நம்மூரில் நாலு நம்பர் எடுக்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நம்பர் கடையில் சின்னப் பிள்ளைக்கு எடுக்க முடியாது, இங்கே முடியும். அது ஒன்றுதான் வித்தியாசம். பெல்ஜியம் நாட்டில் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு கட்டினார்கள். விளையாட்டுக்கு அடிமையாகிப் படிப்பும் உறவும் கெடுகிற நிலையை உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

என் அண்ணன் மகனே இதில் மாட்டினான். தாயின் கைப்பேசியில் ஒரு மாதத்தில் 180 வெள்ளி போயிருந்தது. தோட்டத்து வீட்டில் 180 வெள்ளி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பிள்ளையை அடித்தார்கள். நான் அடிக்க வேண்டாம் என்றேன், ஏனென்றால் படித்த பெரிய மனிதர்கள் கூட்டமாக உட்கார்ந்து, அவன் விரல் அந்தப் பொத்தானுக்குப் போகும்படி யோசித்து வைத்திருக்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளை என்ன செய்வான்? கைப்பேசியில் கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி அன்றே மாற்றிக் கொடுத்தேன். நீங்களும் தம்பியிடம் சொல்லி உங்கள் கைப்பேசியில் அப்படிச் செய்துவிடுங்கள்.

உங்கள் மகன் எந்தச் சாதி என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்றிரவு அவன் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருங்கள். 'இது எப்படிடா வேலை செய்யுது? எனக்குச் சொல்லிக்கொடு' என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் கவலை வேண்டாம். 'ஸ்கிராட்ச்' என்று ஒன்று இருக்கிறது. எம்.ஐ.டி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து 2007இல் இலவசமாக வெளியிட்டது. அதில் பிள்ளைகள் தாமே சின்ன விளையாட்டுகளைச் செய்து பார்க்கலாம். எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, கோழிக்குஞ்சு ஓடி உடும்பிடமிருந்து தப்பிப்பது போல ஒன்றைச் செய்தாள். உடும்பு கொஞ்சம் முதலை மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.

இனி வீட்டுக்காரருக்கு வருகிறேன். அவர் சொன்னதும் தவறில்லை. இதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் நல்லவனாகப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை, கேளுங்கள். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் தொழிற்சாலை திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அவர்களுக்கு அதுதான் முதல் தொழிற்சாலை. அதையடுத்து வேறு பல வந்தன. நம் தோட்டத்துப் பெண்களும் பஸ் ஏறிப் போனார்கள். என் அத்தை ஒருவர் அப்படி ஒரு தொழிற்சாலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டினார். பதினைந்து வருடம். அது எதற்கான சில்லு என்று கடைசிவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது இன்னொரு பஸ் வந்து நிற்கிறது. ஜொகூர் கூலாயில் 'கூலாய் யங்' என்று ஒரு செம்பனைத் தோட்டம், சுமார் 664 ஹெக்டர். அதை 40 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒய்.டி.எல். குழுமம் வாங்கியது. அங்கே தரவு மையங்கள் எழும்புகின்றன. அதில் என்விடியா சில்லுகள் கொண்ட கணினிகளை வைக்கப் போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். டொரொண்டோவில் இரண்டு அட்டையாக இருந்த பெரட்டு, இப்போது தோட்டத்து மண்ணிலேயே கட்டடம் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த வளாகத்துக்குத் திட்டமிட்ட மின்சாரம் 500 மெகாவாட். பேராக்கின் தெமெங்கோர் அணைக்கட்டு மின்நிலையத்தின் முழு ஆற்றலே 348 மெகாவாட்தான்.

தரவு மையத்தில், கட்டி முடித்த பிறகு, ஆட்கள் அதிகம் தேவையில்லை. தோட்டத்தைப் போல நூற்றுக்கணக்கில் குடும்பங்கள் பிழைக்கிற இடம் அல்ல அது. இருக்கிற வேலைகள் என்ன? உயர் அழுத்த மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேன், குளிரூட்டும் இயந்திரக்காரர், கம்பி இழுப்பவர், கணினி வலையமைப்பைக் கவனிப்பவர். வாசலில் நிற்கவும் கூட்டவும் நம் பிள்ளைகளை எடுப்பார்கள். அதற்கு யாரும் கடிதம் எழுதி என்னிடம் யோசனை கேட்க வேண்டியதில்லை. ஆகவே அப்பா சொல்லும் வயரிங்கும் மகன் சொல்லும் கம்ப்யூட்டரும் ஒரே வாசலுக்குத்தான் போகின்றன. எஸ்.பி.எம். முடித்ததும் ஐ.எல்.பி. போன்ற அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்சாரமும் குளிரூட்டலும் கற்கலாம். எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் சான்றிதழ் வரைக்கும் போகலாம். வீட்டுக்காரர் ஆலையில் அந்தச் சான்றிதழ்காரருக்குத்தான் உதவியாளாக இருப்பார், அவரையே கேளுங்கள்.

கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. உங்களுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறான் போலும்: "சார், அரை மணி நேரம் விளையாடினா கம்ப்யூட்டர் தானா நின்னு போகுது. ஏன் சார்?"

தம்பி, சூடுதான் காரணமாக இருக்கும். உள்ளே ஐந்நூறு பேர் ஓடி ஓடி வேலை செய்தால் வேர்க்காதா? கூலாயிலும் இதே பிரச்சினைதான். அங்கே குளிர வைக்கப் பெரிய பெரிய இயந்திரங்களை ஓடவிடுகிறார்கள். உனக்கு ஒரு தூரிகை போதும். உன் வீடு மண் சாலை ஓரமாக இருந்தால் விசிறியில் புழுதி அப்பியிருக்கும், பல்லி முட்டைகூட இருக்கலாம். சுவிட்சை அடைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா விடு. பிறகு பக்கத்துத் தகட்டைக் கழற்று. விசிறி சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த தூரிகையால் மெதுவாகத் தட்டு. ஈரத் துணி வேண்டாம். மின்சாரம் வரும் இரும்புப் பெட்டி ஒன்று மூலையில் இருக்கும், அதை மட்டும் திறக்காதே. ஸ்குரூடிரைவர் அப்பாவிடம் இருக்கும். அவர் வேலைவிட்டு வந்து தேத்தண்ணி குடித்த பிறகு கேள்.