கல்லைவிடக் கலவை கெட்டியாக இருக்கலாமா?

(சிவில் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவன்)



நம் வகுப்பில் "எது நல்ல கலவை?" என்று கேட்டால் கடைசி பெஞ்சிலிருந்து கூட ஒரே பதில்தான் வரும். "ஸ்ட்ராங்கான கலவை சார்!" 1:6-ஐ விட 1:4 மேல், 1:4-ஐ விட 1:3 மேல். லேபில் கியூப் உடைக்கும்போதும் இதே கதைதான். அதிக லோடு தாங்கிய கியூபுக்குக் கைதட்டல், சீக்கிரம் உடைந்த கியூபுக்குக் கேலி!

இந்தப் பதில் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு நான் கூப்பிடும் சாட்சி, பனி கொட்டும் கனடாவில் ஒரு பழைய வீட்டின் கூரை மேல் நிற்கும் செங்கல் புகைபோக்கி.

"வெயில்ல காயற நமக்கு எதுக்குடா சிமினி?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், நம் ஊருக்கும் வருகிறேன்.

என் தாய்மாமா டொரான்டோவில் இருக்கிறார். அங்கே நூறு வயது தாண்டிய செங்கல் வீடு ஒன்றை வாங்கிக் குடியிருக்கிறார். அந்த நகரில் இப்படிப்பட்ட வீடுகள் தெருத்தெருவாக உண்டு. டான் பள்ளத்தாக்கில் 1889-ல் தொடங்கிய செங்கல் தொழிற்சாலை 1984 வரை ஓடியது. 1904-ல் நகரின் நடுப்பகுதி தீயில் எரிந்தது. அதைத் திரும்பக் கட்டியதிலும் செங்கல்லுக்குப் பெரிய பங்கு. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-லேயே. ஆனாலும் சாதாரண வீட்டுச் சுவர்க் கலவையில் சிமெண்ட் வந்து உட்கார இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது. அதனால் மாமாவின் வீட்டைப் போன்ற பழைய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவையில் எழும்பியவை.

மாமா வீடு வாங்கியபோது புகைபோக்கியின் ஜாயிண்டுகளில் கலவை உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்குப் பள்ளமாக இருந்ததாம். அந்த ஊர் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். மிஷினை வைத்து ஜாயிண்டைக் கீறினார். கெட்டியான சிமெண்ட் கலவையில் பாயிண்டிங் செய்தார். பார்க்க நேற்றுக் கட்டியது போல் பளிச்சென்று இருந்தது. "இனி ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காவது குளிர்காலம் முடிந்து பனி உருகியது. வீட்டின் பின்பக்கம் செங்கல் சில்லுகள் கொட்டிக் கிடந்தன. மாமா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சிமெண்ட் கோடுகள் ஒன்றுகூட அசையவில்லை. அவற்றுக்கு நடுவே இருந்த செங்கற்களின் முகம்தான் பொரிந்து விழுந்திருந்தது. "என்ன மாப்ளே, கலவை நல்லாத்தானே இருக்கு, கல்லுல்ல போயிடுச்சு. கல்லு மட்டமான கல்லா?" என்று கேட்டார்.

கல் மட்டமில்லை நண்பர்களே. நூறு வருடம் நின்ற கல் அது. கலவை அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்ததால்தான் கல் போனது!

எப்படி என்று பார்ப்போம். ஒரு வீட்டிலேயே அதிகம் அடிபடும் பகுதி புகைபோக்கிதான். சுவருக்கு ஒரு பக்கம் வெளி, ஒரு பக்கம் வீடு. கூரைக்கு மேல் போன புகைபோக்கிக்கோ நான்கு பக்கமும் வெளி, தலையும் வெளி. மழை, பனி எதுவானாலும் முதலில் அதன் மேல்தான். செங்கல் தண்ணீர் குடிக்கும் என்பது நமக்குத் தெரியும். லேபில் 24 மணி நேரம் ஊறவைத்து எடை போட்டுப் பார்த்தவர்கள்தானே நாம்! குடித்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். சுண்ணாம்புக் கலவையில் நுண்ணிய துளைகள் அதிகம். ஈரம் ஜாயிண்ட் வழியாக ஆவியாகிப் போய்விடும். கெட்டியான சிமெண்ட் கலவையோ அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருத்துவிடும். பகலில் வெயில் பட்டு உருகும். மறுபடி இரவில் உறையும். ஒரே குளிர்காலத்தில் இது பல முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் செங்கல்லின் முகத்தை உள்ளிருந்து ஒருவன் நெம்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெறித்துப் போனால் உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதி இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். அடுத்த வருடம் இன்னும் வேகமாக உதிரும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெப்பத்திலும் குளிரிலும் சுவர் விரிந்து சுருங்கும். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கெட்டி சிமெண்ட் கொடுக்காது. கல்லோரத்தில் முடி போல விரிசல் விடும். அந்த விரிசலில் தண்ணீர் இறங்கும். இறங்கத் தெரிந்த தண்ணீருக்கு ஏறி வரத் தெரியாது!

எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பியூஸ். மோட்டார் எரிவதற்கு முன் பியூஸ் போக வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைப் போட்டால் என்ன ஆகும்? மெக்கானிகல் நண்பர்களுக்கு ஷியர் பின் தெரியும். பின் உடைந்து மிஷினைக் காப்பாற்றும். பழைய செங்கல் கட்டடத்தில் அந்தப் பியூஸ்தான் கலவை. தான் தேய்ந்து கல்லைக் காப்பாற்றுவது அதன் வேலை. தேய்ந்த கலவையைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைக்கலாம். தேய்ந்த கல்லை என்ன செய்வது?

இது அமெரிக்கத் தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. அங்கே கலவை வகைகளுக்கு எம், எஸ், என், ஓ, கே என்று பெயர். ஆங்கிலத்தில் 'மேசன் வொர்க்' என்று எழுதி ஒன்று விட்டு ஒன்று எழுத்தை எடுத்தால் இந்த ஐந்தும் கிடைக்கும். தேர்வுக்கு நினைவு வைக்க நல்ல வழி! எம் மிகக் கெட்டி. 28 நாளில் ஒரு சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு தாங்க வேண்டும். ஓ வெறும் 350 பவுண்டு. ஓ வகையில் ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல். கே வகையில் ஒன்றுக்கு மூன்று பங்கு சுண்ணாம்பு, பன்னிரண்டு பங்கு மணல். மெத்தென்ற பழைய செங்கல்லுக்குக் கடைசி இரண்டில் ஒன்றோ, சிமெண்டே சேராத சுண்ணாம்போதான் பொருந்தும். நாம் படிக்கும் 1:3 பாயிண்டிங் நம்முடைய புது சிமெண்ட் கட்டுவேலைக்குச் சரி. அதைத் தூக்கிக்கொண்டு போய் நூறு வருடச் சுவரில் அப்புவதுதான் தவறு.

மாமாவின் புகைபோக்கியை இரண்டாவது முறை பார்த்தவர் ஒரு வயதான போர்ச்சுக்கல் நாட்டுக் கொத்தனார். அவர் முதலில் கூரைக்குக் கீழே, யாரும் கை வைக்காத இடத்தில் இருந்த பழைய கலவையைத் தேடினாராம். நகத்தால் கீறிப் பார்த்து, விரலில் நசுக்கி, உள்ளே இருந்த மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்தாராம். அதன் பிறகுதான் புதுக் கலவைக்கு மணல் தேடினார். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்காமல் மருந்து எழுதலாமா?

மற்ற வேலையும் அவசரமில்லாமல்தான் நடந்தது. முகம் போன கற்களை எடுத்துவிட்டு, பொருந்தும் கற்களை வைத்தார். ஜாயிண்டைக் கை உளியால் சுரண்டினார். மிஷின் தவறினால் கல்லின் ஓரம் போய்விடும். சுரண்டும் ஆழம் ஜாயிண்டின் அகலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு, 10 மி.மீ. ஜாயிண்ட் என்றால் 20 முதல் 25 மி.மீ. மேலாகப் பூசினால் முதல் குளிரிலேயே உரிந்து விழும். கல்லை நனைத்து, சுமார் 6 மி.மீ. வீதம் அடுக்கடுக்காக வைத்து அழுத்தினார். பிறகு ஈரச் சாக்கு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும். ஆகவே உறைபனி வருவதற்குப் பல வாரம் முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். "போன மாசமே கூப்பிட்டிருக்கணும்" என்று திட்டிக்கொண்டேதான் செய்தாராம்!

பாயிண்டிங் மட்டும் போதாது. தண்ணீர் உள்ளே வரும் வழியையும் குறைக்க வேண்டும். புகைபோக்கியின் தலையில் மிச்சக் கலவையை மெல்லிசாக வழித்துவிடும் பழக்கம் அங்கேயும் உண்டு. அது சீக்கிரம் விரிந்துவிடும். அதற்குப் பதில் சரிவாக ஒரு கான்கிரீட் தொப்பி போட்டு, நான்கு பக்கமும் குறைந்தது 2 அங்குலம் வெளியே நீட்ட வேண்டும். நீட்டலின் அடியில் ஒரு பள்ளம் விட வேண்டும். நம் சன்ஷேடின் அடியில் விடுகிறோமே, அதே பள்ளம்தான். தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டாகக் கீழே விழும். புகைபோக்கி கூரையைத் துளைத்து வரும் இடத்தில் இரண்டு தகடு வேண்டும். ஒன்று கூரையிலிருந்து கல் மேல் ஏறும். மற்றொன்று ஜாயிண்டுக்குள் சொருகி அதன் மேல் மடிந்து தொங்கும். தாரை அப்பிவிட்டு வேலை முடிந்தது என்பது ஏமாற்று வேலை.

"வாட்டர்புரூப் பெயிண்ட் அடிச்சா போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தோல் போல மூடும் பெயிண்ட் சிமெண்ட் செய்த தவறையே மறுபடி செய்யும். உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறை வைத்துவிடும். ஆவியை வெளியே விடும் சிலேன், சிலாக்சேன் வகை திரவங்கள் உண்டு. அதையும் பழுதெல்லாம் பார்த்த பிறகு, காய்ந்த கல்லில்தான் அடிக்க வேண்டும். பழுதை மறைக்க அடிக்கக் கூடாது.

இவ்வளவு எதற்கு, ஒரு சிமினிதானே என்று நினைக்காதீர்கள். உள்ளே கல்லோ கலவையோ உதிர்ந்து வழி அடைபட்டால் புகை வீட்டுக்குள் திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008 டிசம்பரில் ஒண்டாரியோ மாகாணத்தின் உட்ஸ்டாக் ஊரில், கேஸ் கணப்பின் புகை போகும் வழி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்துபோனார்கள். அந்தத் துயரத்தின் விளைவாக, வீடுகளில் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்க 2013-ல் அங்கே சட்டம் வந்தது. கூரை மேல் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தில்தான் உயிர் இருக்கிறது.

நான் சிமெண்டுக்கு எதிரியில்லை. அந்தத் தொப்பியே கான்கிரீட்தானே! சுண்ணாம்புக்கு நாள் பிடிக்கும், தெரிந்த ஆள் கிடைப்பதில்லை, கூலியும் கூடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் மாமா நான்கு வருடத்தில் இரண்டு முறை பணம் கொடுத்தார். இரண்டாவது முறை கல்லுக்கும் சேர்த்துக் கொடுத்தார். எது மலிவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஊட்டியிலும் குன்னூரிலும் வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்களில் செங்கல் புகைபோக்கிகள் இன்றும் நிற்கின்றன. அங்கே மழை ஒன்றே போதும், தவறான பூச்சைக் காட்டிக்கொடுக்க. கடலோர ஊர்களுக்குப் போனால் பனியின் வேலையை உப்பு செய்கிறது. ஈரத்தோடு செங்கல்லுக்குள் போன உப்பு காயும்போது படிகமாகிக் கல்லை உதிர்க்கிறது. பழைய சுவரில் கல் குழிந்து, சிமெண்ட் கோடு மட்டும் வலை போலத் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டொரான்டோவிலிருந்து வந்த படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை! செட்டிநாட்டு வீடுகள், கோயில் மதில்கள், பழைய பள்ளிக் கட்டடங்கள் என்று சுண்ணாம்பில் எழும்பியவை நம்மிடம் எத்தனையோ உண்டு. நாளை டிப்ளமா முடித்து சூப்பர்வைசராகப் போய் நிற்கும்போது, "சிமெண்ட் போட்டு அடைச்சிடவா சார்?" என்று கொத்தனார் நம்மிடம்தான் கேட்பார். தலையாட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

புதிதாகக் கட்டத்தான் நிறையப் படிக்கிறோம். இருப்பதைப் பழுது பார்க்க ஒரு பீரியட் கூடப் போதுமான அளவு இல்லை. ஆகவே நம் மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்: வரும் ஆண்டில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு முதிய கொத்தனாரை அழைத்து, நம் ஒர்க்ஷாப்பில் இரண்டு நாள் பயிற்சி நடத்துங்கள். சுண்ணாம்பு நீற்றுவது, பழைய கலவையை அடையாளம் காண்பது, ஜாயிண்டைச் சுரண்டி நிரப்புவது. இந்த மூன்றும் போதும். பத்துப் பேர் வந்தாலும் சரி, முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். வலிமைக்கும் அந்த அளவு உண்டு. கல்லைக் கேட்டுவிட்டுக் கலவையைக் குழைப்போம் நண்பர்களே!